மருமகனின் லேப்டாப்பும் வாட்டுக் கணக்கும்

பெட்டியின்மேல் ஆர்டிஎக்ஸ் 4050 என்று அச்சிட்டிருந்தால் உள்ளே இருப்பதெல்லாம் ஒன்றுதான் என்று நம்புகிறவர்கள் பலர். அப்படியில்லை. லேப்டாப்புக்கான அந்த கிராஃபிக்ஸ் சிப்பை 2023-இல் என்விடியா கொண்டுவந்தபோது, அதற்கு 35 வாட் முதல் 115 வாட் வரை எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதை லேப்டாப் செய்யும் கம்பெனிகளின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. கணக்குப் போடும் சிறு அலகுகளான கோர்கள் 2560, நினைவகம் 6 ஜிபி என்பதெல்லாம் எல்லாவற்றிலும் சமம்தான். ஆனால் 50 வாட்டில் ஓடும் 4050 ஒன்று, 100 வாட்டில் ஓடும் 4050 இன்னொன்று. விளையாடிப் பார்த்தால் ஒரே பெயரை இரண்டுக்கும் வைத்தவர்கள்மேல் கோபம் வரும். விலைச்சீட்டில் இந்த எண் இருக்காது. விற்கும் பையனிடம் கேட்டால் சிரிப்பான். கம்பெனியின் இணையதளத்தில் மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை அடித்துத் தேடினால் எங்கோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் கிடைக்கும்.

இதையெல்லாம் நான் தேடும்படி ஆனது என் அக்கா மகனால். கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலுக்குப் பக்கத்தில் கடற்கரையை ஒட்டிய வீடு. நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் சேர்ந்த பொறியியல் படிப்பு. இரவானால் விளையாட்டு. எனக்குத் தொழில் தக்கலையில் கல்யாண ஆல்பம் வடிவமைப்பது என்பதால், குடும்பத்தில் யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் வழக்கு என்னிடம்தான் வந்து நிற்கும்.

வழக்கில் எதிர்த்தரப்பு அக்கா. “தம்பி, விளையாடுகிற பெட்டிக்கா 85 ஆயிரம்? அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் உன் பெரியம்மா மகள் படித்து வேலைக்கே போய்விட்டாளே” என்றாள். 2011-இல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் வந்த அந்தக் கறுப்புப் பெட்டி இன்னும் உயிரோடு இருக்கிறது. மின்கட்டணம் கட்ட அதைத்தான் திறக்கிறார்கள். அக்காவின் வாதத்தில் வலு இல்லாமல் இல்லை. ஆனால் மருமகன் படிக்கும் பாடம் அப்படி. நரம்பு வலைப்பின்னல் மாதிரிகளைப் பயிற்றுவிக்கும் நிரல்கள் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் சிப்பையே கணக்குப் போட வைக்கும் என்விடியாவின் கூடா என்ற மென்பொருள் அமைப்பை நம்பி எழுதப்பட்டவை. விளையாட்டில் வெடிப்பையும் புகையையும் கணக்கிடும் அதே கோர்கள்தான் அங்கே எண் அட்டவணைகளான அணிகளைப் பெருக்குகின்றன. இதை அக்காவுக்கு விளக்கினேன். அவள் நம்பினாளா என்பது வேறு விஷயம். “நீ சொன்னால் சரி, ஆனால் பார்த்து வாங்கிக் கொடு” என்று பொறுப்பை என் தலையில் கட்டினாள்.

அவன் கொண்டுவந்த பட்டியல் முதலில் நீளமாக இருந்தது. விலை 80 ஆயிரத்துக்கும் 90 ஆயிரத்துக்கும் நடுவில் என்று கோடு போட்டு, கிராஃபிக்ஸ் சிப்புக்கு 100 வாட்டாவது கொடுக்காதவற்றை அடித்தபிறகு இரண்டு மிஞ்சின. ஒன்று லெனோவோவின் எல்ஓக்யூ 15. அதில் இன்டெல் கோர் ஐ5-13450எச்எக்ஸ் பிராசசர். மற்றது ஆசுஸின் டஃப் ஏ15. அதில் ஏஎம்டி ரைசன் 7 7735எச்எஸ். இரண்டிலும் 4050, இரண்டிலும் 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, நொடிக்கு 144 முறை புதுப்பிக்கும் 15.6 அங்குலத் திரை. 2025-இல் வந்த 5050-இல் 8 ஜிபி நினைவகம் உண்டு. அது எங்கள் கோட்டுக்கு மேலே இருந்தது, அதோடு அந்தப் பேச்சை விட்டோம்.

“மாமா, டஃப்பில் 140 வாட். எல்ஓக்யூவில் 105 வாட். பிறகென்ன யோசனை?” என்று மருமகன் முடித்துவிடப் பார்த்தான். யூடியூபில் யாரோ ஒருவர் பட்டை வரைபடம் போட்டுக் காட்டியிருந்தார்.

அந்த 140-ஐப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆசுஸே எழுதியிருக்கிறது: 115 வாட், அதற்குமேல் டைனமிக் பூஸ்ட் வழியாக 25 வாட். இந்த 25 எப்போதும் கிடைக்காது. பிராசசருக்கு அதிக வேலை இல்லாத நேரத்தில், அதன் பங்கிலிருந்து எடுத்து கிராஃபிக்ஸுக்குக் கொடுப்பது அது. இன்னொரு விஷயமும் இருக்கிறது, இதுதான் முக்கியம். 4050 சிறிய சிப். 100 வாட்டைத் தொட்டபிறகு அதன் வேகத்தைத் தடுப்பது பெரும்பாலும் மின்சாரப் பற்றாக்குறை அல்ல, சிப்புக்கு அனுமதித்திருக்கும் மின்னழுத்தத்தின் உச்சி. அதற்குமேல் கதவைத் திறந்து வைத்தாலும் உள்ளே போவதற்கு ஆள் இல்லை. பல விளையாட்டுகளில் 140 வாட் என்று போட்ட லேப்டாப்பும் 100 வாட்டை ஒட்டித்தான் எடுக்கும். ஆகவே 50-க்கும் 100-க்கும் இடையிலுள்ள தூரத்தை வைத்து 105-க்கும் 140-க்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்கக் கூடாது. முன்னது வாங்கும் முடிவையே மாற்றும். பின்னது திரையில் நொடிக்கு ஓடும் படங்களில், அதாவது ஃபிரேம்களில், சில கூடுவது, அவ்வளவுதான்.

மருமகன் முகம் தொங்கிப்போனது. வரைபடத்தில் வென்றவன் தோற்றதுபோல் ஆகிவிட்டதே.

பிராசசருக்கு வருவோம். ரைசன் 7 என்றதும் ஐ5-ஐவிடப் பெரியது என்று தோன்றும். 7 பெரிதா 5 பெரிதா என்றால் குழந்தையும் 7 என்றுதான் சொல்லும். ஏஎம்டியின் அந்த வரிசை எண்களில் பார்க்க வேண்டியது மூன்றாவது இலக்கம். 7735-இல் அது 3. அதாவது ஜென் 3 தலைமுறையின் சற்றே மெருகேறிய வடிவம். 7840 என்றிருந்தால் 4, அது ஜென் 4. ஆக 7735எச்எஸ் என்பது 2022-இல் 6000 வரிசையில் வந்த சிப்புக்குப் புதுச் சட்டை. 8 கோர், 16 இழை, அதாவது ஒரே நேரத்தில் 16 வேலைகளை ஓட்டலாம். எதிரே நிற்கும் 13450எச்எக்ஸில் 6 பெரிய கோரும் 4 சிறிய கோருமாக 10 கோர், அதுவும் 16 இழைதான். ஒற்றைக் கோரின் வேகத்தில் இன்டெல் முந்துகிறது. மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த வேகத்துக்கு இன்டெல் கேட்கும் விலை வாட். எச்எக்ஸ் என்று முடியும் பிராசசர்கள் மேசைக் கம்ப்யூட்டரின் சிப்பை லேப்டாப்புக்குள் இறக்கிவைத்தவை. 13450எச்எக்ஸின் அடிப்படை 55 வாட், உந்தும் நேரத்து உச்சம் 157 வாட் என்று இன்டெல் குறிப்பிடுகிறது. 7735எச்எஸுக்கு ஏஎம்டி வகுத்தது 35 முதல் 54 வாட். வாலரண்ட் போன்ற விளையாட்டில் இன்டெல் கூடுதல் ஃபிரேம் தரும், உண்மை. இரண்டுமே நொடிக்கு 144-ஐ எளிதாகத் தாண்டிவிடும்போது, 144-க்குமேல் காட்ட முடியாத திரையில் அந்தக் கூடுதலைக் கண்ணால் பார்ப்பது எப்படி? போட்டிகளில் விளையாடுகிறவர்கள் இதற்குப் பதில் வைத்திருப்பார்கள். என் மருமகன் போட்டிக்குப் போகிறவன் அல்ல. பரீட்சைக்குப் போகிறவன்.

இனிமேல்தான் நம் ஊர் விஷயம்.

லேப்டாப்பை ஆராய்ந்து காணொளி போடுகிறவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிராசசர் 85 டிகிரி, கிராஃபிக்ஸ் 75 டிகிரி என்று அவர்கள் காட்டும் எண்கள் எல்லாம் 22, 25 டிகிரி அறைக்கு உரியவை. அறையின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் உள்ளே சிப்பின் வெப்பமும் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். அக்கா வீட்டு மாடியறை கான்கிரீட் கூரை. பங்குனி, சித்திரையில் பகலெல்லாம் குடித்த வெயிலை அது இரவு பத்து மணிக்கு நிதானமாகக் கக்கும். கீழே பழைய ஓட்டு வீட்டில் இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. ஓட்டைப் பிரித்து கான்கிரீட் போட்டதைப் பெருமையாக நினைக்கிற ஊர் நம்முடையது. அந்த அறையில் 95, 100 டிகிரியை எட்டியதும் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 157 வாட் உச்சம் என்பது அங்கே காகிதத்தில் மட்டும்தான் இருக்கும்.

அதோடு, லேப்டாப் எடுக்கும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் வெப்பமாகி அறைக்குள்தான் வந்து சேருகிறது. பிராசசரும் கிராஃபிக்ஸும் சேர்ந்து 150 வாட் எடுக்கும்போது, பழைய 100 வாட் குண்டு பல்பில் ஒன்றரையை மேசைமேல் எரியவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலத்தான். விசிறியைப் போட்டால் காற்று சுற்றும், சூடு எங்கும் போகாது. “ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்கிறேன் மாமா” என்றான். அந்த ஜன்னலுக்கு அப்பால் கடல்.

கடற்கரையோரம் வீடு உள்ளவர்களுக்கு உப்பைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜன்னல் கம்பி உதிரும், ஃபிரிட்ஜின் அடிப்பாகம் அரிக்கும், சைக்கிள் செயின் ஒரு மழைக்காலம் தாங்காது. உப்பு ஏன் இத்தனை கொடியது என்பதற்கு ஒரு எண் இருக்கிறது. சோற்றுப்பு காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். அதற்குக் கீழே அது வெறும் தூசி, மேலே போனால் உலோகத்தின்மீது ஒட்டிய உப்புநீர்ப் படலம். நம் கரையில் மழைக்கால இரவுகளில் 75-ஐத் தாண்டாத நாளைத் தேட வேண்டும். நமக்கோ மழைக்காலமும் ஒன்றல்ல. தென்மேற்கும் வரும், வடகிழக்கும் வரும். தமிழ்நாட்டின் மற்ற மாவட்டக்காரர்கள் ஒன்றுக்காக ஏங்க, நாம் இரண்டிலும் துணி காயவைக்க இடம் தேடுகிறோம்.

கேமிங் லேப்டாப்பின் விசிறிகள் செய்வது இந்தக் காற்றை உறிஞ்சி, மெல்லிய உலோகத் தகடுகளின் இடுக்கு வழியாகத் தள்ளுவது. வாட் கூடக் கூட விசிறி வேகமாகச் சுற்றும், அதிகக் காற்று போகும், அதிக உப்பு படியும். அதனால் இந்தப் பக்கத்தில் குறைந்த வாட்டில் ஓடும் பிராசசருக்கு விளம்பரத்தில் எவரும் சொல்லாத ஒரு மதிப்பு இருக்கிறது. படிந்த உப்பால் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்புக்கு ஆபத்து குறைவு. உள்ளே சூடாக இருப்பதால் ஈரம் தங்காது. மாதக்கணக்கில் மூடி மேசைமேல் கிடப்பதுதான் கேடு. டஃப் பெட்டியில் அமெரிக்க ராணுவத் தரமான மில்-எஸ்டிடி-810எச் என்று எழுதியிருப்பதைக் காட்டி, “இது தாங்கும்” என்றான் மருமகன். அந்தத் தரத்தில் பல சோதனைகள் உண்டு, உப்புப்பனியும் அதில் ஒன்று. ஆனால் எவற்றை நடத்துவது என்று தேர்ந்தெடுப்பது கம்பெனி. எழுத்து பெட்டியில் இருப்பதாலேயே கொல்லங்கோடு முதல் கன்னியாகுமரி வரை உள்ள கடற்காற்றுக்கு அது உத்தரவாதம் ஆகிவிடாது.

அடுத்தது பேட்டரி. இதில்தான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. எல்ஓக்யூவில் 60 வாட்-அவர், அதாவது ஒரு மணி நேரத்துக்கு 60 வாட் கொடுக்கும் கொள்ளளவு. டஃப்பில் 90. கேமிங் லேப்டாப்புக்கு பேட்டரி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, ஏனென்றால் சார்ஜரைப் பிடுங்கிய மறுகணம் கிராஃபிக்ஸுக்குப் போகும் மின்சாரம் பாதிக்கும் கீழே விழும். பேட்டரியில் விளையாடுவது வீண். ஆனால் வகுப்பில் குறிப்பு எடுப்பது, நிரல் எழுதுவது, பாடத்தின் பிடிஎஃப் படிப்பது இவற்றுக்கெல்லாம் சுமார் 12 வாட் போதும். 90-ஐ 12-ஆல் வகுத்தால் ஏழரை மணி நேரம். 60-ஐ வகுத்தால் ஐந்து. எச்எக்ஸ் பிராசசர் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் அதிகம் தின்னும் என்பதால் அந்த ஐந்தும் சுருங்கும். காலையில் திங்கள்சந்தை வழியாக பஸ் பிடித்துப் போய் மாலையில் திரும்புகிறவனுக்கு, இந்த இடைவெளி சார்ஜரை வீட்டில் வைத்துவிட்டுப் போவதா, சுமந்துகொண்டு போவதா என்ற கேள்வி. டஃப் 2.2 கிலோ, எல்ஓக்யூ 2.38 கிலோ. லேப்டாப்பின் எடையில் பெரிய வேறுபாடு இல்லை. செங்கல் கனத்துக்கு இருக்கும் சார்ஜரையும் பையில் போட்டால்தான் தோள் சொல்லும், அதுவும் காலை நேர பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றால்.

கரண்ட் விஷயமும் இருக்கிறது. காற்றும் மழையும் சேர்ந்தால் தென்னை ஓலையோ ரப்பர் கிளையோ கம்பியில் விழும். மின்வாரியத்தார் வந்து எடுக்கும்வரை இருட்டுதான். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அத்தனை பெரியது தினமும் வருவதில்லைதான். அக்கா வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, 150 ஆம்பியர்-அவர் பேட்டரி. 12 வோல்ட்டால் பெருக்கினால் காகிதக் கணக்கில் 1800 வாட்-அவர். விசிறி, விளக்கு எல்லாம் ஓடும் அதில், விளையாடும் லேப்டாப் தனியாக 180 வாட் இழுத்தால் இரவு விசிறி நின்றுவிடும். “கரண்ட் போனால் விளையாட்டும் போக வேண்டும்” என்று அக்கா சட்டம் போட்டிருக்கிறாள். சரியான சட்டம். அந்த நேரத்தில் 90 வாட்-அவர் பேட்டரி யாரையும் தொந்தரவு செய்யாமல் தன் சரக்கில் ஓடும்.

பேட்டரிக்காக டஃப் பக்கம் சாய்ந்ததும் மருமகன் இணையத்தில் துழாவி, அதே டஃப் ஏ15, அதே 4050, சில ஆயிரம் ரூபாய் குறைவு என்று ஒன்றைக் கண்டுபிடித்தான். மாடல் எண்ணை முழுதாகப் படிக்கச் சொன்னேன். பிராசசர் 7735எச்எஸ் அல்ல, 7435எச்எஸ். ஒரு இலக்கம்தானே என்று விடக்கூடாத இடம் இது. 7735-க்குள் ரேடியான் 680எம் என்ற உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இருக்கிறது. பிடிஎஃப் படிக்கும்போது திரையை அது பார்த்துக்கொள்ளும், 4050 தூங்கப் போய்விடும். 7435-இல் அந்த உள்ளமைந்த கிராஃபிக்ஸே கிடையாது. திரையில் ஒரு எழுத்து காட்டுவதற்கும் 4050 விழித்திருக்க வேண்டும். அப்புறம் 12 வாட் கணக்கு எங்கே நிற்கும்? எப்போதும் சார்ஜரில் மாட்டி மேசையிலேயே வைத்திருப்பவருக்கு 7435 நல்ல பேரம். பஸ்ஸில் போகிறவனுக்கு அல்ல. இன்னும் கீழே போனால், டஃப் ஏ15 என்ற அதே பெயரில் 48 வாட்-அவர் பேட்டரியோடும் மாடல்கள் விற்கின்றன. ஒரே பெயரின் கீழ் இத்தனை பிள்ளைகளை வளர்க்கும் இந்த வழக்கத்தை எந்தக் கம்பெனியும் விடுவதாயில்லை.

திரையில் மட்டும் நான் எல்ஓக்யூவின் ஆள். அதில் இருந்தது 300 நிட்ஸ் வெளிச்சம், எஸ்ஆர்ஜிபி என்ற வண்ணத் தரம் வகுத்த வண்ணங்களில் 100 சதவீதம். டஃப்பில் 100 சதவீதத் திரையோடும் மாடல் உண்டு, 62.5 சதவீதத் திரையோடும் உண்டு. கடையில் கிடைத்தது பின்னது. இதையே சில விளம்பரங்களில் 45 சதவீத என்டிஎஸ்சி என்று வேறு கோலால் அளந்து எழுதுவார்கள். இரண்டும் ஒரே சோகை பிடித்த திரைதான். கல்யாணப் புடவையின் அரக்குச் சிவப்பு அதில் செங்கல் நிறமாகத் தெரியும். அந்தத் திரையை நம்பி ஆல்பத்தில் நிறம் திருத்தினால், அச்சாகி வரும்போது பெண்ணின் முகம் தக்காளியாக இருக்கும், பெண்வீட்டார் என்னைத் தேடி வருவார்கள். எனக்காக வாங்கினால் கண்ணை மூடிக்கொண்டு எல்ஓக்யூ. என் அறையில் ஏசி உண்டு, லேப்டாப் மேசையை விட்டு நகராது, தக்கலைக்குக் கடற்காற்று அவ்வளவாக வருவதில்லை. மருமகனுக்கு நிறம் முக்கியமில்லை. முக்கியமாக ஆகிவிட்டால் வெளியே ஒரு மானிட்டர் மாட்டிக்கொள்ளலாம். பேட்டரியை அப்படி வெளியே மாட்ட முடியாது.

எங்கே வாங்குவது என்பதில் அத்தான் நுழைந்தார். அவர் ஷார்ஜாவில் இருக்கிறார். அங்கே மதிப்புக்கூட்டு வரி 5 சதவீதம், இங்கே ஜிஎஸ்டி 18. வரும்போது வாங்கி வந்துவிடுகிறேன் என்றார். சுங்கத்தில் சிக்கலில்லை, 18 வயது நிறைந்த பயணி ஒரு லேப்டாப்பை வரியின்றிக் கொண்டுவரலாம். விமானத்திலும் சிக்கலில்லை, 100 வாட்-அவர் வரை பேட்டரியைக் கைப்பையில் கொண்டுவர அனுமதி உண்டு. லேப்டாப் பேட்டரிகள் 99-ஐத் தாண்டாமல் நிற்பதே இதனால்தான். ஆனால் விசைப்பலகையில் அரபி எழுத்து, சுவரில் பொருந்தாத பட்டை முள் பிளக். இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். வாரண்டி? அந்த நாட்டில் விற்ற மாடலுக்கு இங்கே சேவை உண்டா என்பதை ஒவ்வொரு கம்பெனியிலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். உண்டு என்றாலும் இங்கே விற்காத மாடலுக்கு மதர்போர்டு எங்கிருந்து வரும்? என்னுடைய பழைய லேப்டாப் ஒன்றுக்கு, இங்கே வாங்கியதுதான், வெறும் கீபோர்டு வருவதற்குள் ஒரு கல்யாண சீசன் முடிந்துபோனது. அந்த சேவை மையத்தின் வாசலில் நின்ற அனுபவம் இருப்பதால் அத்தானிடம் மரியாதையாக வேண்டாம் என்றேன். “சரி, பணத்தை அனுப்புகிறேன்” என்றார். பெரிய மனுஷர்.

மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தார் பலருக்குக் கடை என்றால் திருவனந்தபுரம்தான். மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை தாண்டினால் கேரளம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபிறகு வரியில் இக்கரைக்கும் அக்கரைக்கும் வேறுபாடில்லை. வேறுபாடு தள்ளுபடிக் காலத்தில் இருக்கிறது. அங்கே ஓணத்துக்கு எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் போட்டி போடும், இங்கே தீபாவளிக்கு. நம் மாவட்டத்தில் ஓணத்துக்கும் உள்ளூர் விடுமுறை என்பதால் இரண்டு பக்கமும் கை நீட்டும் வசதி நமக்கு. இரண்டுமே அருகில் இல்லாத மாதத்தில் அவனுக்கு லேப்டாப் தேவைப்பட்டது.

கடைசியில் நாகர்கோவிலிலேயே ஒரு கடையில் வாங்கினோம். இணைய விலையைக் காட்டியதும், வங்கி அட்டைச் சலுகையைக் கழித்து ஏறத்தாழ அதற்கே இறங்கி வந்தார்கள். பையும் மவுஸும் இலவசம் என்றார்கள். அந்தப் பை எங்கள் மழைக்கு ஆகாது என்பதைப் பார்த்தவுடன் தெரிந்தது. பெட்டியைப் பிரிக்கும்முன் அதன்மேலிருந்த வரிசை எண்ணைக் கம்பெனியின் தளத்தில் போட்டுப் பார்த்தோம், வாரண்டி அன்றுதான் தொடங்குகிறதா என்று. காட்சிக்கு வைத்திருந்த லேப்டாப்பைப் பெட்டியில் போட்டு விற்பது நடக்காத காரியமில்லை. வாரண்டியில் ஆள் வீட்டுக்கு வருவாரா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதைப் பின்கோடு போட்டுச் சரிபார்த்தோம். நகரத்துக்கு ஒரு பதில், கடற்கரை ஊருக்கு வேறு பதில் வரக்கூடும். பிறகு திரையை முழு வெள்ளை, முழு கறுப்பு, முழு சிவப்பு என்று மாற்றி, செத்த புள்ளி இருக்கிறதா என்று பார்த்தான். இதையெல்லாம் விற்பனைப் பையன் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். முன்னால் கேட்ட வாட் கேள்விக்கு இப்போது அவனுக்கும் பதில் தெரியும்.

பிளக்கைப் பார்க்கவும் சொன்னேன். அதிக வாட் சார்ஜர்கள் சிலவற்றில் ஏசிக்கும் கிரைண்டருக்கும் மாட்டுகிற 16 ஆம்பியர் தடி முள் வரும். பழைய வீட்டு அறைகளிலும் விடுதிகளிலும் அதற்கான துளை இருக்காது. அதை வீட்டுக்கு வந்தபின் கண்டு, சாலையோரத்தில் ஐம்பது ரூபாய்க்கு ஒரு அடாப்டர் வாங்கி, அதில் 200 வாட்டை ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாடியறையில் எலெக்ட்ரீஷியனை வைத்து ஒரு நல்ல பாயிண்ட் போட்டுவிட்டோம், எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டோம். லேப்டாப்பின் உலோகத்தைத் தொட்டால் சுருக்கென்று கடிக்கிறது என்று புகார் சொல்லும் வீடுகளில் பாதிக்குமேல் எர்த்தில்தான் கோளாறு.

இப்போது டஃப் அவன் மேசையில் இருக்கிறது. சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி ஆசுஸின் செயலியிலேயே அமைத்துக் கொடுத்தேன். வீட்டில் எப்போதும் சார்ஜரில் இருக்கும் பேட்டரிக்கு நூறு என்பது சுமை. விளையாட்டை 144 ஃபிரேமுக்குமேல் ஓடாமல் கட்டிப்போட்டதில் விசிறிச் சத்தம் குறைந்தது, அறைச் சூடும் குறைந்தது. கல்லூரிக்கு எடுத்துப் போகாத நாட்களில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பையில் வைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

ஒரு வழக்கு மட்டும் முடியவில்லை. அவனுடையதில் 16 ஜிபி ராம் ஒற்றைத் துண்டாக வந்திருக்கிறது. இன்னொரு துண்டு போட்டால் நினைவகத்துக்குப் போகும் பாதை இரட்டிப்பாகும், பிராசசரை நம்பியிருக்கும் விளையாட்டுகளில் அது தெரியும், அவன் பாடத்துக்கும் உதவும். கேட்பது நியாயம்தான். ஆனால் செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொள்வதால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை தாறுமாறாக ஏறிக்கிடக்கிறது. அவன் படிக்கிற படிப்பே அவன் ராமுக்கு எதிரியாக நிற்கிறது. ஓணம் வரட்டும் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். தினமும் விலையைப் பார்த்து எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறான்.